டீசலை விடுங்க, காத்தை அடைங்க

போன மாதம் எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் எஞ்சின் தானாக ரேஸ் ஏறி, அதாவது வேகம் கட்டுக்கடங்காமல் கூடி, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கீழே மண்ணெல்லாம் கறுப்பு ஆயில். "சாவியை ஆஃப் பண்ணிப் பாத்தமுங்க, ஸ்டாப்பரை இழுத்துப் பாத்தமுங்க, நிக்கவே இல்லீங்க" என்று அங்கிருந்த மூன்று பேரும் மாற்றி மாற்றி அதையே சொன்னார்கள். காற்றுக் குழாயை அடைத்தால் நிற்கும் என்று அந்த மூவரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 2019 வரை எனக்கும் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுக்க அன்றைக்கு ஓர் ஆள் பக்கத்துத் தோப்பில் இருந்தார். எல்லாருக்கும் அப்படி ஆள் கிடைக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் எங்கள் வயல். கேரளாதான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான் பேச்சு. டிராக்டர் சாமான் வாங்க பொள்ளாச்சிக்குப் போவோம். வாடகைக்கு உழவு ஓட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு. அப்போது என்னிடம் இருந்தது 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற சாதனம்) இல்லாத பழைய வண்டி. ஏர் கிளீனர் ஆயில் பாத் வகை. அதாவது அடியில் ஒரு கிண்ணத்தில் ஆயில் இருக்கும். உள்ளே வரும் காற்று அந்த ஆயிலில் மோதித் தூசியை விட்டுவிட்டு, மேலே இருக்கிற கம்பி வலை வழியாக எஞ்சினுக்குப் போகும். இந்தக் கிண்ணம்தான் அன்றைக்குப் பிரச்சினை ஆனது.

புரட்டாசி மாதம். மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். ரெண்டாம் விளைக்கு எல்லாரும் ஒரே சமயத்தில் சேற்றுழவு கேட்பார்கள். தண்ணீர் முறை இருக்கிற இரண்டு நாளைக்குள் முடித்தாக வேண்டும். சேற்றுக்கான இரும்புக் கேஜ் வீல் மாட்டி காலை ஆறரைக்கே வயலுக்கு வந்துவிட்டோம். முந்தின வாரம் முழுக்கத் தென்னந்தோப்பில் ரோட்டவேட்டர் ஓட்டியதில் ஏர் கிளீனர் முழுக்கப் புழுதி. ஓட்டுகிற பையன் பொறுப்பானவன். நான் சொல்லாமலே முதல் நாள் சாயங்காலம் அதைக் கழற்றி, வலையை டீசலில் அலசி, கிண்ணத்தில் புது ஆயில் ஊற்றி மாட்டியிருந்தான். கிண்ணத்தின் உள்பக்கம் ஒரு கோடு இருக்கும், அதுவரைதான் ஊற்ற வேண்டும். அவன் அதற்கு மேல் இரண்டு விரல்கடை ஊற்றிவிட்டான். தூசி அதிகம், ஆயிலும் அதிகம் இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கிறான். வலையும் சரியாக வடியவில்லை. அவனுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

பாதை மட்டத்தில் ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. வரப்பைத் தாண்டி வயலுக்குள் மூக்கு கீழே போகிற மாதிரி வண்டி இறங்கியதுதான் தாமதம், சத்தம் மாறியது. ஆக்சிலேட்டரைக் கூட்டினால் வருகிற சத்தம் இல்லை அது. யாரோ கீழே இருந்து தூக்கிக்கொண்டே போகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது. சைலன்சரில் இருந்து நீலமும் வெள்ளையும் கலந்த புகை, பத்தடி தூரத்தில் இருந்த எனக்குப் பையனின் முகம் தெரியவில்லை. பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த வங்காளத்து ஆட்கள் நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

பையன் கை ஆக்சிலேட்டரைக் குறைத்தது, டீசலை நிறுத்துகிற ஸ்டாப்பரை இழுத்தது, இரண்டுக்கும் எஞ்சின் மசியவில்லை. அப்புறம் பதறிப்போய் கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் குதித்துவிட்டான். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் கிளட்சை மிதித்ததும் எஞ்சினுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சுமையும் போய்விட்டது. அதுவரை கத்தியது, அதற்கப்புறம் அலறியது. நான் ஓடிப்போய் டேங்குக்குக் கீழே இருக்கிற டீசல் காக்கு வால்வை மூடினேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஏன் இல்லை என்பதை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். பெட்ரோல் வண்டியில் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்துக் குறைப்பார்கள், தீப்பொறியை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை அழுத்தியே சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலை எரிக்கிறது. பற்றி எரிகிற பொருள் எதுவாக இருந்தாலும் அதற்குப் போதும். எங்கள் மாதிரிப் பழைய வண்டியில் காற்று எப்போதும் முழுசாகத்தான் உள்ளே போகும். நாம் ஆக்சிலேட்டரில் கூட்டிக் குறைப்பது டீசலை மட்டும்தான். பம்புக்குள் இருக்கிற கவர்னரும் டீசலைத்தான் அளந்து விடுகிறது. ஏர் கிளீனர் வழியாக ஆயில் உள்ளே வந்துவிட்டால் பம்பு, கவர்னர், ஸ்டாப்பர், டீசல் காக்கு எல்லாமே வெளியே நின்று வேடிக்கை பார்க்கிற ஆட்கள் ஆகிவிடுகின்றன. எஞ்சின் வேகம் கூடக் கூட இழுப்பும் கூடும், இழுப்பு கூடினால் இன்னும் ஆயில் வரும். இது தானாக நிற்காது. ஆயில் தீர வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் உடைய வேண்டும்.

அந்த நேரத்தில் பக்கத்துத் தோப்பில் தேங்காய் லோடு ஏற்ற வந்திருந்த வண்ணாமடை மாமா ஓடி வந்தார். இப்போது லாரி ஓட்டுகிறார். சின்ன வயதில் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் பத்து வருடம் இருந்தவர். "டீசலை விடுங்க, காத்தை அடைங்க! காத்தை அடைங்க!" என்று தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். எனக்கு என்ன சொல்கிறார் என்றே பிடிபடவில்லை. அவர் வரப்பில் வைத்திருந்த எங்கள் சாப்பாட்டுத் தட்டை, எவர்சில்வர் தட்டு, எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கமாக ஏறினார். பானட்டுக்கு மேலே காற்றுக் குழாய் நிமிர்ந்து நிற்கும், அதன் தலையில் காளான் மாதிரி பிரீ கிளீனர் மாட்டியிருக்கும். அதைக் கையால் முறுக்கிப் பிடுங்கி எறிந்தார். கிளாம்ப் ஏற்கெனவே லூசாக இருந்ததால் வந்துவிட்டது. குழாய் வாயில் தட்டைக் கவிழ்க்காமல், அடிப்பக்கம் படும்படி வைத்து அழுத்தினார்.

அந்தத் தட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நடுவில் குழாய் வாயளவுக்கு வட்டமாகக் குழிந்து போயிருக்கிறது. அது "டப்" என்று ஒட்டிக்கொண்டதும் அவர் கையை எடுத்துவிட்டார், தட்டு விழவில்லை. அலறல் இறங்கியது, இரண்டு முறை இருமியது, வண்டி முழுக்க ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. தட்டு ஒட்டியதிலிருந்து நிற்கும்வரை நாலைந்து விநாடி இருக்கலாம். ஏர் கிளீனருக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடுகிற மேனிபோல்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஓஸ் சப்பிப்போய் நாக்கு மாதிரி தட்டையாகக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

பையன் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "நான்தாண்ணா ஆயில் ஊத்துனேன்" என்றான். மாமா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணும் ஆவலை கண்ணு. எந்திரிச்சு வா, எங்க ஊத்துனயோ அதைக் கழட்டிப் பாக்கலாம்" என்று கூட்டிப்போய்க் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். அரைக் கிண்ணம்கூட மிச்சமில்லை. போனதெல்லாம் எஞ்சின் குடித்தது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு புஷ் ராடு வளைந்திருந்தது, ஒரு வால்வு பிஸ்டனில் தட்டியிருந்தது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ராடும் பிளாக்கும் தப்பியதால் முப்பதாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. அந்தத் தண்ணீர் முறை கைவிட்டுப் போனது. வேறு வண்டியை வாடகைக்கு எடுத்து உழுது கொடுத்தேன்.

இனி, அந்த நாளுக்குப் பிறகு மாமாவிடமும் டீசல் பம்ப் ரிப்பேர் கடைக்காரரிடமும் கேட்டும், நானே பார்த்தும் தெரிந்துகொண்டவை.

முதலில் அடைப்பதைப் பற்றி. கையால் அடைக்கவே கூடாது. துணி, சாக்கு, சட்டை எதுவும் கூடாது. இரண்டரை லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போதே நிமிடத்துக்கு 2500 லிட்டர் காற்றை இழுக்கிறது. ரேஸ் ஏறினால் அது இரட்டிப்பாகும். இரண்டரை அங்குலக் குழாய் வாயை முழுசாக அடைத்தால், முழு வெற்றிடம் வரும் பட்சத்தில் கிட்டத்தட்ட 30 கிலோ எடை அழுத்துகிற மாதிரி இழுக்கும். உள்ளங்கை கிழிந்துவிடும். துணி என்றால் அப்படியே உள்ளே போய், காற்றையும் அடைக்காமல் வால்வில் மாட்டிக்கொள்ளும். வேண்டியது தட்டையான, வளையாத, குழாய் வாயைவிடப் பெரிய பொருள். பலகை, கனமான தட்டு, தடித்த தகரம் எதுவானாலும் சரி.

எங்கே அடைப்பது என்பது அதைவிட முக்கியம். பிரீ கிளீனரின் தலையில் எதை வைத்தாலும் பயன் இல்லை, காற்று அதன் அடிப்பக்க இடுக்கு வழியாகத்தான் போகிறது. அதைக் கழற்றிவிட்டுக் குழாய் வாயை அடைக்க வேண்டும். நடுவில் ரப்பர் ஓஸ் வெடித்திருந்தாலோ கிளாம்ப் லூசாக இருந்தாலோ மேலே அடைத்தும் எஞ்சின் அந்த ஓட்டை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு ஓடும். ஆகவே ஓஸில் வெடிப்பு பார்ப்பது தூசிக்காக மட்டும் இல்லை. பானட்டுக்கு அடியில் ஏர் கிளீனர் இருக்கிற வண்டிகளில் குழாய் வாய் எங்கே, எதைக் கழற்றினால் கை போகும் என்று வண்டி நிற்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ரேஸ் ஏறிய பிறகு தேட நேரம் இருக்காது.

கரியமில வாயு அடைத்த தீயணைப்பான் இருந்தால் அதைக் காற்றுக் குழாய்க்குள் அடிக்கலாம், நிற்கும். ஆனால் வாயு தீர்ந்து, உள்ளே ஆயில் மிச்சம் இருந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். நின்ற உடனே அடைத்துவிட வேண்டும். பொடி வகைத் தீயணைப்பானை அடித்தால் அந்தப் பொடி லைனரையும் ரிங்கையும் அரித்துவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கியரில் வைத்து பிரேக் போட்டு நிறுத்திவிடலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். டாப் கியரில், ரோட்டில் போகும்போது ரேஸ் ஏறினால், எதிரில் ஆள் இல்லாமல் இருந்தால், கிளட்சைத் தொடாமல் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினால் திணறி நிற்க வாய்ப்பு உண்டு. சேற்றுழவு ஓட்டுகிற லோ கியரில் இது நடக்காது, சக்கரத்துக்கு வருகிற இழுவையை பிரேக் தாங்காது. நியூட்ரலில் அலறுகிற எஞ்சினை கியருக்குக் கொண்டுவரவும் பார்க்கக் கூடாது. வண்டி எகிறும். இந்த முறையை நான் யாருக்கும் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். டீகம்ப்ரஷன் லீவர் இருக்கிற பழைய ஆயில் எஞ்சின் என்றால் அதைத் தூக்கினாலே போதும், அழுத்தம் போய்விடும்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற நாசில் பைப்பின் நட்டைக் கழற்றி டீசலை வெளியே விடலாம் என்று ஒரு யோசனை உண்டு. ஓடுகிற எஞ்சினில் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்ன ஊசிக்குத்து மாதிரி இருக்கும். கவனிக்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

சத்தத்தில் கடகடவென்று தட்டல் கேட்டுவிட்டால் பலகை கையில் இருந்தாலும் கிட்டே போகாதீர்கள். ராடு வருவது பிளாக்கின் பக்கவாட்டில்தான், ஃபிளைவீலும் கிளட்ச் தட்டும் சிதறினால் அதே பக்கங்களில்தான் பறக்கும். ஃபேன் இறக்கையும் அப்படித்தான். எல்லாரையும் விலக்கிவிட்டுத் தூரமாக, மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் போய்விட வேண்டும். எஞ்சின் போனால் போகட்டும்.

எங்களுக்கு ஆனது ஆயில் கிண்ணத்தால். எருத்தேன்பதியில் ஆனது வேறு. அந்த வண்டி நாலு மாதம் ஓடாமல் நின்றிருந்தது. டேங்கில் தண்ணீர் இறங்கி, பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக் துரு பிடித்து, டீசல் முழுசாகத் திறந்த நிலையில் இறுகியிருந்தது. ஸ்டார்ட் ஆன நொடியிலேயே ரேஸ். இந்த வகையில் டீசலை நிறுத்தினால் கடைசியில் நிற்கத்தான் செய்யும், ஆனால் ஃபில்டரிலும் பைப்பிலும் இருக்கிற டீசல் தீரும்வரை ஓடும். அதற்குள் ராடு வந்துவிட்டது. இங்கேயும் காற்றை அடைத்திருந்தால் உடனே நின்றிருக்கும். எரிகிற பொருள் எங்கிருந்து வந்தாலும் காற்று ஒரே வழியாகத்தான் வருகிறது.

மூன்றாவது வழி, சம்ப்பில் (எஞ்சின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) ஆயில் மட்டம் ஏறுவது. ஃபீட் பம்போ பெரிய பம்போ கசிந்தால் டீசல் சம்ப்புக்குள் இறங்கும். மட்டம் ஏறிய அந்த ஆயில் சிலிண்டருக்குள் போய் எரியும். டிப் ஸ்டிக்கில் மட்டம் குறையவில்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. மட்டம் கூடியிருந்தால்தான் பயப்பட வேண்டும். விரலில் தொட்டுத் தேய்த்தால் தண்ணி மாதிரி வழுக்கும், மோந்தால் டீசல் நெடி. அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ரிங் தேய்ந்து பிரீதரில் (எஞ்சினின் உள்காற்றை வெளியே விடுகிற குழாய்) புகையும் ஆயிலும் அடிக்கிற எஞ்சினும், சீல் போன டர்போவும் இதே வேலையைச் செய்யும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரியில் புதுப் புகை விதி வந்த பிறகு கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுகிற காமன் ரயில் எஞ்சின் நிறைய வந்துவிட்டது. சாவியை அணைத்தால் அதில் டீசல் உடனே நிற்கும், உண்மைதான். டர்போ வழியாக வருகிற ஆயிலை அந்தச் சாவி நிறுத்தாது.

காற்றோடு கலந்து வருகிற ஆவியும் போதும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலிய ஆவி கசிந்து பரவியபோது, பக்கத்தில் ஐடிலில் நின்ற டீசல் பிக்கப் வண்டி அதை இழுத்துத் தானாக ரேஸ் ஏறியது. வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். அந்த வண்டியிலிருந்துதான் தீப்பற்றியிருக்க வேண்டும் என்பது விசாரணையில் சொன்னது. மார்கழிக் குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ரேஸ் ஏறி நின்ற எஞ்சினை, என்ன ஆனது என்று பார்க்க மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது. மேனிபோல்டைக் கழற்றித் துடைத்து, நாசில்களைக் கழற்றி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் ஆயில் நின்றிருந்தால் செல்ஃப் அடித்ததும் ராடு வளைந்துவிடும்.

இப்போது என் வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு பலகை இருக்கிறது. அரை அங்குல பிளைவுட், ஆறு அங்குலச் சதுரம், ஒரு பக்கம் பழைய டியூப் ரப்பர் ஒட்டி ஆணி அடித்தது. பின்பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு மரக்கட்டை. சணல் கயிற்றில் கட்டியிருக்கிறேன், ஒரு இழுப்பில் வந்துவிடும். பிரீ கிளீனர் கிளாம்பில் ஸ்க்ரூவுக்குப் பதிலாகச் சிறகு நட்டு போட்டாயிற்று, ஸ்பேனர் வேண்டாம். பம்ப் கடையிலிருந்து வந்த வண்டியையும் நாள்பட்டு நின்ற வண்டியையும் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது பிரீ கிளீனரைக் கழற்றிவிட்டு, ஒருவர் பலகையோடு முன்னால் நிற்காமல் இன்னொருவர் சாவியைத் தொடுவதில்லை.

அந்தப் பையன் இரண்டு மாதம் டிராக்டரில் ஏறவில்லை. கட்டாயப்படுத்தவில்லை. அப்புறம் ஒருநாள் களத்தில் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, பலகையை அவன் கையில் கொடுத்து அடைக்கச் சொன்னேன். கை நடுங்க வைத்தான். இரண்டு விநாடியில் எஞ்சின் அடங்கியது. மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி அவனே நாலு தடவை அடைத்துப் பார்த்தான். இப்போது புது ஆள் யார் வந்தாலும் அவன்தான் களத்துக்குக் கூட்டிப்போகிறான். முதலில் கிண்ணத்தைக் கழற்றிக் கோட்டைக் காட்டுகிறான், அப்புறம் பலகையைக் கையில் கொடுக்கிறான்.